அந்தரத்தில் நின்ற விமானம்

விழுந்த விமானிகளைத் தூக்கி வரும் யந்திரத்தைப் படைத்த ஐகர் சிகார்ஸ்கியின் வாழ்க்கை

தண்டர்பேர்டு என்றால் இடிப் பறவை. அமெரிக்கப் பூர்வகுடிகளின் பழங்கதைகளில் வரும் பறவை அது. அது சிறகடித்தால் வானத்தில் இடி முழங்குமாம்!

இந்தப் பெயர் இரண்டு இடங்களில் புகழ் பெற்றது.

1953-ம் ஆண்டில் அமெரிக்க விமானப் படை, தன்னுடைய ஜெட் விமான சாகசக் குழுவுக்கு இந்தப் பெயரைச் சூட்டியது. 1965-ல் இங்கிலாந்தில், ஜெர்ரி ஆண்டர்சன் என்பவர் டெலிவிஷனுக்காகத் தயாரித்த பொம்மைப் படத் தொடருக்கும் இதே பெயர்தான்.

அந்தத் தொடரின் கதை சுவையானது. ஒரு தந்தை. அவருக்கு ஐந்து புதல்வர்கள். ரகசியத் தீவு ஒன்றில் வசிக்கிறார்கள். உலகத்தின் எந்த மூலையில் விபத்து நேர்ந்தாலும் இவர்களுடைய விமானங்கள் பறந்து போய் மக்களைக் காப்பாற்றும். முதலாம் எண் விமானத்தின் வேகம் மணிக்கு 15,000 மைல்! இரண்டாம் எண் விமானம் தன் வயிற்றில் ஒரு பெரிய பெட்டியைச் சுமந்து போகும். பெட்டிக்குள் மீட்புக் கருவிகள் இருக்கும்.

இந்தக் கற்பனைக்கு வித்திட்டது ஓர் உண்மையான துயரம். 1963-ல் ஜெர்மனியில் லெங்கெடே என்ற ஊரில் இரும்புச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 29 பேர் மாண்டார்கள். பூமிக்கடியில் சிக்கிய 11 பேர் இரண்டு வாரங்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கருவிகள் வந்து சேரத் தாமதமானதை அறிந்த ஆண்டர்சன், அவற்றை நொடியில் கொண்டு போகும் விமானம் இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணினார். தொடர் பிறந்தது.

சரி, கதையில் வரும் விமானம் இருக்கட்டும். உண்மையான ஜெட் விமானம் இந்த வேலையைச் செய்யுமா?

செய்யாது. அந்தக் காலத்து அமெரிக்கப் போர் விமானமான ஃபாண்டம், மணிக்கு சுமார் 1,400 மைல் வேகத்தில் பாயக் கூடியது. ஆனால் கடலில் ஒருவன் தத்தளிப்பதைக் கண்டாலும் அதனால் நிற்க முடியாது. விமானத்தின் இறக்கை, காற்றைக் கிழித்துக் கொண்டு முன்னே போகும்போதுதான் விமானத்தைத் தாங்கும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் விமானம் கல்லைப் போல விழுந்து விடும். இறங்குவதற்கோ நீண்ட ஓடுபாதை வேண்டும். வெள்ளக்காட்டில் ஓடுபாதைக்கு எங்கே போவது?

ஆகவே, காப்பாற்றுகிற விமானத்துக்கு முதலில் வேண்டியது வேகமல்ல. அந்தரத்தில் அசையாமல் நிற்கும் திறமை!

அந்தத் திறமையை நடைமுறைக்குக் கொண்டு வந்து, ஆயிரக்கணக்கில் செய்யக்கூடிய யந்திரமாக்கிய மேதைதான் ஐகர் சிகார்ஸ்கி. விந்தை என்னவென்றால், அவரும் ஒரு கதையைக் கேட்டுத்தான் அந்த ஆசையை வளர்த்துக் கொண்டார்.

கதை கேட்ட சிறுவன்

1889-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி கீவ் நகரில் சிகார்ஸ்கி பிறந்தார். அப்போது கீவ், ருஷ்ய சாம்ராஜ்யத்தின் ஒரு பகுதி. தந்தை மனோதத்துவப் பேராசிரியர். தாயார் வைத்தியம் படித்தவர். ஐந்து குழந்தைகளில் ஐகர் கடைக்குட்டி.

தாயார், பிள்ளைக்கு லியனார்டோ டாவின்சியைப் பற்றிச் சொல்லுவார். ஓவிய மேதையான டாவின்சி, மேல் நோக்கித் திருகிக் கொண்டு எழும்பும் ஒரு பறக்கும் யந்திரத்தைப் படமாக வரைந்து வைத்திருந்தார் அல்லவா? அதைக் கேட்டுச் சிறுவன் வியந்தான். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1886-ல் வெளியிட்ட ஒரு நாவலில், எண்ணற்ற விசிறிகள் சுழலும் கப்பல் ஒன்று ஆகாயத்தில் மிதந்து செல்லும். சிறுவன் அந்தக் கதையில் மூழ்கிப் போனான்.

பன்னிரண்டாவது வயதில், ரப்பர் பட்டையை முறுக்கிவிட்டால் எழும்பிப் பறக்கும் பொம்மை ஹெலிகாப்டரை அவனே செய்து விட்டான்.

அதே பருவத்தில் அவன் ஒரு கனவு கண்டான். ஒரு குறுகலான நடை வழியில் அவன் நடந்து போகிறான். இரு பக்கமும் வேலைப்பாடமைந்த மரக் கதவுகள். மேலே நீல நிற விளக்குகள். காலடியில் தரை இலேசாக அதிர்கிறது. தான் இருப்பது ஒரு பறக்கும் கப்பலுக்குள் என்பது அவனுக்குப் புரிகிறது!

விழித்தபின் வீட்டிலே சொன்னான். அப்படி ஒரு கப்பல் உலகத்தில் இல்லை, இருக்கவும் முடியாது என்று பெரியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அப்போது ரைட் சகோதரர்களே பறந்திருக்கவில்லை.

எழும்பாத யந்திரம்

1903-ல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகளில் அதை விட்டுவிட்டு எஞ்சினியரிங் படிக்கக் கிளம்பினார். 1908-ல் தந்தையுடன் ஜெர்மனியில் இருந்தபோது, ரைட் சகோதரர்களின் பறப்பைப் பற்றிப் பத்திரிகையில் படித்தார். தம் வாழ்க்கை எதற்கென்று அன்றே தீர்மானித்து விட்டார்.

அக்காள் ஓல்கா பணம் கொடுத்தார். அதை எடுத்துக் கொண்டு 1909-ல் பாரிஸ் போனார். அங்கே கேப்டன் ஃபெர்பர் என்ற அனுபவசாலி, ஹெலிகாப்டரில் காலத்தை வீணாக்காதே என்று புத்தி சொன்னார். வாலிபர் கேட்கவில்லை. 25 குதிரைச் சக்தி எஞ்சின் ஒன்றை வாங்கிக் கொண்டு ஊர் திரும்பினார்.

முதல் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பவே இல்லை. மறு ஆண்டு செய்த இரண்டாவது யந்திரம் தன் பாரத்தைத் தான் தூக்கியது. ஆனால் ஓர் ஆளைச் சேர்த்துத் தூக்கும் வலு அதற்கில்லை.

எஞ்சின்களுக்கு இன்னும் போதிய பலம் வரவில்லை, தமக்கும் இன்னும் அறிவு போதவில்லை என்பதை சிகார்ஸ்கி உணர்ந்தார். ஆசையை மூட்டை கட்டி வைத்தார். அது மறுபடி அவிழ்க்கப்பட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின!

கொசு கற்பித்த பாடம்

சாதாரண இறக்கை விமானங்களைக் கட்டத் தொடங்கினார். 1911-ல் ஒரு நாள், பறந்து கொண்டிருந்தபோது எஞ்சின் நின்று விட்டது. விமானம் விழுந்து நொறுங்கியது. அவர் தப்பினார். காரணத்தைத் தேடினால், பெட்ரோல் போகும் துவாரத்தை ஒரு கொசு அடைத்திருந்தது!

ஒரு கொசுவால் மனித உயிர் போகலாமா? ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றவை தாங்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1913-ல் நான்கு எஞ்சின்கள் பூட்டிய விமானத்தைப் பறக்க விட்டார். உலகத்தில் நான்கு எஞ்சின் விமானம் பறந்தது அதுவே முதல் தடவை. மூடிய அறை, நாற்காலிகள், முன்புறத்தில் நின்று வேடிக்கை பார்க்க ஒரு மேடை எல்லாம் அதில் இருந்தன. ஜார் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸ் நேரில் வந்து பார்த்து, தங்கக் கடிகாரம் பரிசளித்தார்.

அடுத்து வந்தது 'இல்யா முரோமெட்ஸ்'. 1914-ல் அதில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீவுக்குப் போய்த் திரும்பினார். பிரயாணிகள் சுகமாகப் போவதற்காக எண்ணிச் செய்த விமானம் அது.

ஆனால் சில வாரங்களில் முதல் உலக யுத்தம் மூண்டது. பிரயாணிகள் விமானம், குண்டு வீசும் விமானமாயிற்று! எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. இருபத்தைந்து வயது சிகார்ஸ்கி, யுத்த யந்திரங்களின் சிற்பியாகி விட்டார்.

கோழிப் பண்ணையில் விமானக் கம்பெனி

1917-ல் ருஷ்யாவில் புரட்சி வெடித்தது. ஜாரின் பரிசு பெற்றவருக்கு அங்கே இடமில்லை. 1918-ல் நாட்டை விட்டு வெளியேறினார். 1919 மார்ச்சு 30-ந் தேதி நியூயார்க்கில் வந்து இறங்கியபோது அவரிடம் இருந்தது கொஞ்சம் பணமும் நிறையத் திறமையும்தான்.

யுத்தம் முடிந்துவிட்டதால் விமானத் தொழில் படுத்துக் கிடந்தது. நான்கு எஞ்சின் விமானத்தைக் கட்டியவர், தம்மைப் போல் அகதிகளாக வந்த ருஷ்யர்களுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். மலிவான பீன்ஸும் காப்பியுமே பல நாள் ஆகாரம்.

1923-ல் நண்பர்கள் கைகொடுத்தார்கள். நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில், ருஷ்ய நண்பர் ஒருவரின் கோழிப் பண்ணையில் விமானக் கம்பெனி ஆரம்பமாயிற்று. காசு போதவில்லை. பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஆஸ்பத்திரிக் கட்டில் சட்டங்கள் கூட விமானத்தின் எலும்புகளாயின. உலகப் புகழ் பெற்ற பியானோ வித்துவான் ராக்மனினாஃப் 5,000 டாலருக்குப் பங்கு வாங்கினார். கம்பெனிக்கு மதிப்பு உண்டாகட்டும் என்று உப தலைவராகத் தம் பெயரைப் போட்டுக் கொள்ளவும் சம்மதித்தார்.

1924-ல் அந்த விமானம் முதல் பறப்பிலேயே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. உயிர்ச் சேதமில்லை. சிகார்ஸ்கி பங்குதாரர்களைக் கூட்டி வைத்து, இன்னும் 2,500 டாலர் கொடுத்தால்தான் வெளியே விடுவேன் என்கிற மாதிரி கதவைச் சாத்தி விட்டாராம். பணம் கிடைத்தது. விமானமும் பறந்தது.

அதே விமானம் பிற்காலத்தில் கோடீசுவரர் ஹோவர்டு ஹியூஸ் கைக்குப் போய், அவருடைய சினிமாப் படத்தில் ஜெர்மன் குண்டு வீச்சு விமானமாக வேஷம் போட்டது. படப்பிடிப்பின்போது விழுந்து நொறுங்கி ஒரு மெக்கானிக்கின் உயிரைக் குடித்தது. வேஷம் போலி. சாவு நிஜம்.

1926-ல் இன்னோர் இடி. அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டுவதற்காக அவர் கட்டிய மூன்று எஞ்சின் விமானம், அளவுக்கு மீறிய பாரத்துடன் கிளம்பி ஓடுபாதையின் கோடியிலேயே தீப்பற்றி எரிந்தது. இருவர் மாண்டனர். அடுத்த ஆண்டு லிண்ட்பர்க் தனி ஆளாய்ச் சமுத்திரத்தைத் தாண்டிப் புகழ் பெற்றார்.

சிகார்ஸ்கி மனம் தளரவில்லை. நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானங்களைச் செய்தார். 1928-ல் வந்த எஸ்-38 நூற்றுக்கு மேல் விற்றது. 1931-ல் பான் அமெரிக்கன் கம்பெனிக்காகப் பிரும்மாண்டமான 'கிளிப்பர்' விமானம் கட்டப்பட்டது. அதில் பறந்து கொண்டிருக்கையில் ஒரு மாலை, அதன் உட்புறமாக நடந்து சென்ற சிகார்ஸ்கி திடுக்கிட்டு நின்றார். இரு பக்கமும் மர வேலைப்பாடு. மேலே நீல விளக்குகள். பதினோரு வயதில் கண்ட கனவு அப்படியே கண்முன் இருந்தது!

ஐம்பதாவது வயதில்

ஒரு மனிதனுக்கு இது போதாதா? சிகார்ஸ்கிக்குப் போதவில்லை. கீவ் நகரில் எழும்பாமல் நின்ற அந்த யந்திரம் அவர் மனத்தை அரித்துக் கொண்டே இருந்தது.

1938-ல் பெரிய கடல் விமானங்களுக்கு வியாபாரம் குறைந்தது. தாய்க் கம்பெனியாகிய யுனைடெட் ஏர்கிராஃப்டிடம், ஹெலிகாப்டர் செய்ய அனுமதி கேட்டார். கிடைத்தது.

இதில் என்ன கஷ்டம்? நம் வீட்டுக் கூரையில் சுழலும் மின்சார விசிறியை நினைத்துக் கொள்ளுங்கள். அது காற்றைக் கீழே தள்ளுகிறது. போதிய பலத்தோடு தள்ளினால், விசிறியே மேலே எழும்பி விடும். இறக்கை விமானம் ஓடினால்தான் காற்று இறக்கையில் படும். விசிறியோ நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. ஆகையால் விமானம் ஓடாமலே நிற்கலாம்.

ஆனால் விசிறி ஒரு பக்கம் சுற்றினால், அதைத் தாங்கும் உடல் எதிர்ப் பக்கம் சுற்றத் தொடங்கும். விமானி தலை சுற்றி விழ வேண்டியதுதான்! இதைத் தடுக்கச் சிலர் எதிரும் புதிருமாகச் சுற்றும் இரண்டு விசிறிகளை வைத்தார்கள். 1936-ல் ஜெர்மனியில் அப்படி ஒரு ஹெலிகாப்டர் நன்றாகவே பறந்தது. பிரான்சிலும் முயற்சிகள் நடந்தன. எனவே முதன் முதலில் ஹெலிகாப்டர் கண்டவர் சிகார்ஸ்கி என்று சொல்லுவதற்கில்லை. மேலே ஒரே பெரிய விசிறி, வாலில் உடலைத் திரும்ப விடாமல் பிடிக்கும் ஒரு சிறிய விசிறி என்ற எளிய அமைப்பை வெற்றி பெறச் செய்ததே அவர் சாதனை.

1939 செப்டம்பர் 14-ந் தேதி, கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரில் சோதனை நடந்தது. யந்திரம் ஓடிப் போய் விடாதபடி கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஓட்டியவர் வேறு யாருமல்ல, ஐம்பது வயது சிகார்ஸ்கியேதான்! தலையில் வழக்கமான தொப்பி. யந்திரம் சில அங்குலம் எழும்பிச் சில நொடி நின்றது. ஐரோப்பாவில் இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

டிசம்பரில் ஒரு முறை யந்திரம் கவிழ்ந்து நொறுங்கியது. மறுபடி கட்டினார்கள். 1940 மே 13-ல் கயிறு இல்லாமல் பறந்தது. பக்கவாட்டில் போனது, பின்னால் போனது. முன்னால் போகத்தான் மக்கர் செய்தது! அந்தக் குறையும் தீர்ந்தது. 1941 மே 6-ந் தேதி ஒரு மணி 32 நிமிஷம் அந்தரத்தில் நின்று ஜெர்மானியரின் சாதனையை முறியடித்தது.

முதலில் காப்பாற்றிய உயிர்கள்

யுத்த காலமாதலால் ராணுவமே முதல் வாடிக்கைக்காரர். 'ஆர்-4' என்ற ஹெலிகாப்டரை வாங்கிக் கொண்டது. தம் விமானம் மறுபடியும் குண்டு போடப் போகிறதா என்று சிகார்ஸ்கி கவலைப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் நடந்தது வேறு.

1944 ஜனவரி 3. நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே டர்னர் என்ற போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கரை சேர்ந்த காயக்காரர்களுக்கு ரத்தப் பிளாஸ்மா தேவைப்பட்டது. பனிப்புயலில் வேறு விமானம் எதுவும் கிளம்ப முடியவில்லை. கடலோரக் காவல் படை அதிகாரி ஃபிராங்க் எரிக்சன், ஒரே ஒரு ஹெலிகாப்டரில் பிளாஸ்மாவை ஏற்றிக் கொண்டு, புயலுக்குள் தாழப் பறந்து சுமார் 14 நிமிஷத்தில் கொண்டு சேர்த்தார்.

அதே ஆண்டு ஏப்ரல் மாதம். பர்மா காட்டில், ஜப்பானியர் நடமாடும் பகுதியில், சிறு விமானம் ஒன்று விழுந்தது. அதில் ஒரு விமானியும், காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களை எடுக்க ஒரு விமானமும் இறங்க முடியாது. அசாமில் லாலாகாட் தளத்திலிருந்து கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அதிகாரி ஆர்-4 ஹெலிகாப்டருடன் புறப்பட்டார். ஒரு தடவைக்கு ஒரே ஆளைத்தான் அது தூக்கும். வெயிலில் எஞ்சின் கொதித்து நின்று போயிற்று. ஆற விட்டு, மறுபடி கிளப்பி, இரண்டு நாளில் நான்கு நடை போய் நால்வரையும் மீட்டார். போர்க்களத்தில் ஹெலிகாப்டர் மனித உயிரை மீட்டது அதுவே முதல் தடவை.

1945 நவம்பர் 29-ந் தேதி நடந்தது சிகார்ஸ்கியின் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே. புயலில் ஓர் எண்ணெய்ப் படகு பாறையில் மாட்டிக் கொண்டது. இருவர் அதில் சிக்கினர். தொழிற்சாலையின் விமானியும் சிகார்ஸ்கியின் மருமகனுமான ஜிம்மி வைனர் ஹெலிகாப்டரில் பறந்தார். யந்திரம் புயலிலும் அந்தரத்தில் நின்றது. கயிறு இறங்கியது. முதல் ஆளைத் தூக்கி ஆயிற்று. இரண்டாவது ஆள் ஏறும்போது கயிறு சிக்கிக் கொண்டது. அவரைத் தொங்க விட்டபடியே கரைக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள்!

ஜெட்டுக்குப் பின்னால் ஹெலிகாப்டர்

பிறகு ஜெட் யுகம் வந்தது. ஜெட் விமானங்கள் ஒலியை முந்தின. ஆனால் எவ்வளவு வேகமான ஜெட்டும் சுடப்பட்டால் விழத்தான் வேண்டும். விமானி பாராசூட்டில் குதித்து, கடலிலோ காட்டிலோ கிடப்பார். அவர் தலைக்கு மேலே தோழர்களின் ஜெட் விமானங்கள் வட்டமிடலாம், எதிரியைச் சுட்டு விரட்டலாம். அவரைத் தூக்க மட்டும் முடியாது.

கொரிய யுத்தத்திலும், பின்னர் வியட்நாமிலும் அந்த வேலையைச் செய்தவை சிகார்ஸ்கி ஹெலிகாப்டர்கள். வியட்நாமில் விமானிகளை மீட்ட பெரிய பச்சை ஹெலிகாப்டர், மணிக்கு 165 மைலுக்கு மேல் போகாது. 1,400 மைல் வேகக்காரன், 165 மைல் வேகக்காரனுக்காகக் காட்டில் காத்துக் கிடந்தான்!

டெலிவிஷன் தொடரில் வரும் பெட்டி சுமக்கும் விமானமும் வெறும் கற்பனையாக நிற்கவில்லை. அந்தத் தொடர் வெளிவருவதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1962-ல், சிகார்ஸ்கி கம்பெனியின் 'பறக்கும் கிரேன்' பறந்து விட்டது. நடுவிலே உடலே கிடையாது. அந்த இடத்தில் ஒரு பெட்டியை மாட்டலாம், கழற்றலாம். பெட்டி இல்லாதபோது, விழுந்து கிடக்கும் விமானத்தையே கட்டித் தூக்கி வரலாம். அப்படிப் பல விமானங்களைத் தூக்கியும் வந்தது.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அதே வியட்நாமில் ஹெலிகாப்டர்கள் துப்பாக்கி ஏந்திப் போரும் செய்தன. கருவிக்குத் தானாக ஒரு மனசாட்சி கிடையாது. தம் முதல் பெரிய விமானம் குண்டு சுமந்ததைக் கண்ட சிகார்ஸ்கிக்கு இது தெரியாததல்ல. தெய்வ பக்தி மிகுந்த அவர், ஹெலிகாப்டர் காப்பாற்றிய உயிர்களையே தம் உழைப்பின் பலனாக எண்ணினார். மீட்புப் பணியில் ஈடுபட்ட விமானிகளுக்கு அவருடைய கம்பெனி தனிப் பட்டயம் வழங்கிக் கௌரவித்தது.

1957-ல் பதவி ஓய்வு பெற்றார். ஆயினும் ஆலோசகராகத் தினமும் ஆபீஸ் போவதை விடவில்லை. 1972 அக்டோபர் 26-ந் தேதி, கனெக்டிகட்டில் ஈஸ்டன் என்ற ஊரில் தம் வீட்டில் அமைதியாகக் கண் மூடினார். வயது 83. முந்திய நாள் கூட ஆபீஸில் வேலை பார்த்தார்.

இந்திய விமானப் படைக்கு 1954-ல் வந்த முதல் ஹெலிகாப்டர்கள் சிகார்ஸ்கி எஸ்-55 தான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, மொட்டை மாடிகளில் நின்றவர்களைத் தூக்கவும் உணவுப் பொட்டலம் போடவும் வந்த ஹெலிகாப்டர்கள் வேறு கம்பெனிகள் செய்தவை. ஆனாலும் மேலே ஒரு பெரிய விசிறி, வாலிலே ஒரு சிறிய விசிறி. 1939-ல் தொப்பி போட்ட மனிதர் சில அங்குலம் எழும்பிக் காட்டிய அதே அமைப்பு.

தலைக்கு மேலே நின்ற அந்த யந்திரத்தைப் பார்த்துக் கை நீட்டியவர்களில் எத்தனை பேருக்கு அதன் மூல சிற்பியின் பெயர் தெரிந்திருக்கும்? அவர்தான், கோழிப் பண்ணையில் விமானம் கட்டிய ஐகர் சிகார்ஸ்கி.